பேசாமல் கட்டிய கட்டு

அண்ணியோடு நான் பேச்சை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் அவளுக்கு மார்பில் கட்டி வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் வலப் பக்கத்தை அப்படியே எடுத்துவிட்டார்கள்.

பேச்சு விட்டதற்குக் காரணம் ஒரு சௌசௌ கொடி. சொன்னால் சிரிப்பீர்கள், சிரியுங்கள். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அண்ணன் வீடும் என் வீடும் ஒரே லயத்தில், ஒரே கூரை வரிசையில், அடுத்தடுத்த காம்பரா. நான் என் வாசலில் நட்ட கொடி அவர்கள் கூரைமேல் ஏறி, அங்கே போய்க் காய்த்துத் தொலைத்தது. எங்க கூரை, எங்க காய் என்றாள் அண்ணி. என் வேர், என் காய் என்றேன் நான். குழாயடியில் நாலு பேர் பார்க்க அவள் ஒரு வார்த்தை விட்டாள், நான் ஒன்பது விட்டேன். அன்றோடு சரி. அதற்குப் பிறகு ஏதாவது அவசரம் என்றால் இருவரும் சுவரைப் பார்த்துச் சொல்லுவோம். "தண்ணி வந்திருச்சாம்." "தபால்காரரு வந்தாராம்." யார் யாரிடம் சொன்னது என்று கேட்டால் இருவருமே வாயைத் திறக்கவில்லை என்று சத்தியம் செய்வோம்.

அண்ணன் அவளை ஹட்டனில் ரயிலை விட்டு இறக்கி, பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்த அன்று லயமே வாசலில் நின்றது. நான் மட்டும் உள்ளே நின்று கதவிடுக்கில் பார்த்தேன். வலது கையை உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முந்தானையை இரண்டு சுற்றாகப் போர்த்தி, தலையைக் குனிந்து நடந்துவந்தாள். எங்கள் லயத்தில் ஓங்கிப் பேசுகிற பொம்பளை யார் என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூட அவளைத்தான் காட்டும். அவள் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

ராகலையிலிருந்து அவளுடைய தங்கை வந்து மூன்று நாள் இருந்தாள். அதற்குமேல் லீவு இல்லை என்று அவளும் போய்விட்டாள். நாலாம் நாள் அண்ணன் என் வாசலில் வந்து நின்றான்.

"தங்கச்சி, கட்டு மாத்தணும். நா மாத்தப் போனேன். கத்தரிக்கோல கீழ போட்டுட்டேன். அவ கண்ண மூடிக்கிட்டு அழுவுறா. நீதான் வரணும்."

"என்னைய உள்ள விடுவாங்களாண்ணே?"

"விடாட்டி புண்ணு புழுத்துப் போகும்" என்றான். சொல்லிவிட்டு அவனே முகத்தைப் பொத்திக்கொண்டான்.

முதலில் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கிருந்த டொக்டரையா யாழ்ப்பாணத்துக்காரர். ஆஸ்பத்திரியில் கொடுத்த கடிதத்தை மூக்குக் கண்ணாடிக்கு மேலால் ஒருதரம், கீழால் ஒருதரம் படித்தார்.

"இஞ்ச பார் பிள்ளை. இன்னும் நாலு கிழமையில இவ கொழும்புக்குப் போய் கரண்ட், அதுதான் கதிர்வீச்சு, பிடிக்க வேணும். புண் முழுக்கக் காய்ஞ்சிருந்தால்தான் பிடிப்பினம். சீழ் வைச்சுதெண்டால் திருப்பி அனுப்பிப் போடுவினம். பிந்தப் பிந்த, உள்ளுக்க மிச்சம் இருக்கிறது வேற இடத்துக்குப் பரவும். விளங்குதோ?"

விளங்கியது. விளங்காமல் இருந்திருந்தால் அன்று கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவு, நகத்தை ஒட்ட வெட்டு, துணியை அவித்துக் காயவைத்து அயர்ன் பண்ணு, புண்ணில் விரல் படாதே, கக்கத்துக்குக் கீழே ரப்பர் குழாய் இருந்த ஓட்டைதான் கடைசியாக மூடும், அதைத் தினமும் பார். இப்படி ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் எழுந்து வாசல் வரைக்கும் வந்த பிறகு கூப்பிட்டார்.

"கட்டுப் பிரிச்சிருக்கேக்க அதுக்கு மேல கதைக்கப்படாது. மூச்சும் படப்படாது. முகத்தை மற்றப் பக்கம் திருப்பி வைச்சுக்கொள்."

"பேச்சுக்கு எடமே இல்லீங்க" என்றேன். எங்கள் சௌசௌ விவகாரம் அவருக்குத் தெரியாது.

எனக்கு வேலை பிள்ளைக் காம்பராவில். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளை அங்கே நான்தான் பார்த்துக்கொள்வேன். பகல் பன்னிரண்டுக்குத் தாய்மார் மலையிலிருந்து இறங்கி வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டதும் ஒரு மணிநேரம் எனக்கு ஓய்வு. அந்த ஒரு மணிநேரத்தில்தான் கட்டு மாற்றுவது என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு வேலையைக் கையில் எடுத்துவிட்டால் எனக்குப் பேய் பிடித்த மாதிரி. அண்ணன் வீட்டு அடுப்பைத் தூக்கி வெளியே இஸ்தோப்பில், வாசல் திண்டில் வைக்கச் சொன்னேன். தகரக் கூரையில் பனி இறங்கினால் புகைக்கரி கலந்து கறுப்பாகச் சொட்டும். அது கட்டில்மேல் விழாதபடி துவைத்த சேலையொன்றை மேலே விரித்துக் கட்டினேன். கோழிகளைத் துரத்தினேன். மண்ணெண்ணெய் தகரத்தில் துணி அவிந்தது, என் விரல்களும் அவிந்தன. அடுத்து, பார்க்க வருகிறவர்கள். எங்கள் பக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ஆள் வந்தால் லயம் முழுக்க வந்து பார்க்க வேண்டும். வந்தவர்கள் கட்டிலிலேயே உட்கார வேண்டும். தொட்டுத் தடவி அழ வேண்டும். வராவிட்டால் பகை. நான் வாசலில் நின்று ஒவ்வொருத்தியையும் தடுத்தேன்.

"கைய கழுவிட்டு அங்கனயே நின்னு பாருங்க. கட்டில்ல குந்தப்படாது."

"ஆமா, இவ பெரிய நர்சம்மா!" என்றாள் ஒரு கிழவி. "ரெண்டு வருஷம் மூஞ்சிய பாக்காதவளுக்கு இப்ப என்னா பாசம் பொத்துக்கிட்டு ஊத்துது?"

ஊத்தினால் உனக்கென்ன என்று கேட்டேன். அவளும் பேச்சை விட்டாள். அந்த மாதம் லயத்தில் பாதிப் பேர் என்னோடு பேசவில்லை. அதற்கெல்லாம் கவலைப்பட எனக்கு நேரமில்லை. கடிதத்தில் இருந்த தேதிதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

கட்டு மாற்றுகிற நேரம் அந்தக் காம்பராவில் ஒரு சத்தம் இருக்காது. வெளிச்சத்துக்காகப் பின்கதவைத் திறந்து வைப்பேன். அந்தப் பக்கம் மண்மேடும் தேயிலையும்தான், ஆள் நடமாட்டம் இல்லை. "கையத் தூக்கணுமாம்" என்று சுவரிடம் சொல்வேன். அண்ணி தூக்குவாள். துணியைப் பிரிப்பேன். முதல் நாள் புண்ணை நேராகத்தான் பார்த்தேன். நெஞ்செலும்பிலிருந்து கக்கம் வரைக்கும் கோடு போட்டுத் தைத்திருந்தார்கள். ஒரு நொடி பார்த்துவிட்டு, டொக்டரையா சொன்னது ஞாபகம் வர, மூச்சை அடக்கிக்கொண்டு முகத்தை வெடுக்கென்று பின்கதவுப் பக்கம் திருப்பினேன். அப்புறம் ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் துடைப்பதும் கட்டுவதும். முடித்ததும் வெளியே ஓடி வந்து மூச்சு விடுவேன். தினமும் இப்படியே. அவள் என்னைப் பார்த்தாளா, என்ன நினைத்தாள் என்று நான் யோசிக்கவே இல்லை. எனக்கு என் மூச்சு முக்கியமாக இருந்தது.

பத்து நாள் புண் நன்றாகத்தான் காய்ந்தது. டொக்டரையாவே வந்து பார்த்து, "கெட்டிக்காரி" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினோராம் நாள் துணியைப் பிரித்தால் ஓட்டையைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவுக்குச் சிவப்பு. புறங்கையை வைத்துப் பார்த்தேன், சுட்டது.

அன்று எனக்கு வந்த பயம் சொல்லி முடியாது. பிள்ளைக் காம்பராவில் அப்போது நாலைந்து பிள்ளைகளுக்குச் சிரங்கு. காலையில் அந்தப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி மருந்து பூசுகிறவளும் நான்தான், பகலில் அண்ணிக்குக் கட்டு மாற்றுகிறவளும் நான்தான். என் கையால்தான் கொண்டுபோய் வைத்துவிட்டேனோ? கையைச் செங்கல் துண்டால் தேய்த்தேன். தோல் உரிந்து எரிந்தது. உரிந்த கையோடு புண்ணைத் தொட்டால் அது வேறு ஆகாதே என்று இன்னொரு பயம். அண்ணனிடம் சொல்லவில்லை. மறுநாள் சிவப்பு இன்னும் ஒரு விரற்கடை பரவியிருந்தது. அண்ணிக்குக் காய்ச்சல் கண்டது. துணியில் லேசாக ஒரு வாடை. கொழும்புக்குப் போக இன்னும் பதினேழு நாள்.

அந்தத் துணியின் ஓரத்தில் கறுப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருந்தது. காய்ந்த இரத்தம் என்று நினைத்து விரலில் எடுத்து நசுக்கினேன். நசுங்கவில்லை. மோந்து பார்த்தேன். தேயிலைத்தூள்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. மலையில் தேயிலைச் செடி கழிக்கிற கவ்வாத்துக் கத்தி வெட்டினால் கொழுந்தை மென்று காயத்தில் அப்புகிறவர்கள் எங்கள் ஆட்கள். வீட்டில் வெட்டினால் தூளை அப்புவார்கள். யாரோ ஒருத்தி நான் இல்லாத நேரம் வந்து கைமருந்து பார்த்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். யாரோ என்ன யாரோ, கடைசிக் காம்பராக்காரிதான். அவள்தான் காலையில் அண்ணிக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுக்கிறவள். இஸ்தோப்பில் நின்று கத்தினேன்.

"அடியே! எவளக் கேட்டு புண்ணுல தூள வச்ச? ஒனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா இல்லியா? ஒரு உசுர கொல்லப் பாத்தியே பாவி!"

அவள் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி வெளியே வந்து, "நா ஒண்ணும் வைக்கலக்கா, என் புள்ள மேல சத்தியமா வைக்கல" என்று அழ ஆரம்பித்தாள். நான் விடுகிற மாதிரி இல்லை. லயம் கூடிவிட்டது.

அப்போதுதான் பின்னால் கதவு திறந்தது. அண்ணி. பத்து நாளுக்கு மேலாகக் கட்டிலை விட்டு வாசலுக்கு வராதவள், காய்ச்சலோடு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் புள்ளைய ஏன் திட்டுற?" என்றாள். சுவரிடம் இல்லை. என்னிடம். "இந்தா."

என் காலடியில் ஏதோ வந்து விழுந்தது. பழைய ரவிக்கைத் துணியில் தைத்த சின்னப் பை. உள்ளங்கை அளவு, உருண்டையாக, வாய் மூடித் தைத்தது. தையல் விட்ட இடத்திலிருந்து தூள் கசிந்தது. கையில் எடுத்தால் நல்ல கனம். அது என்ன, எங்கே வைக்கிறது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கூட்டத்தில் புரிந்தவர்கள் முதலில் தலையைக் குனிந்தார்கள்.

அண்ணியை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். வாய்க்கு வந்தபடி ஏசினேன். "கட்டுக்கு மேல இத வச்சு அழுத்துனா ஓட்ட எப்புடி மூடும்? எத்தன நாளா நடக்குது இந்தக் கூத்து?"

"ஆறு நாளா. வெடிஞ்சதுலருந்து நீ வர்ற வரைக்கும் வச்சுக்குவேன். நீ கதவத் தட்டுனதும் எடுத்து தலகாணிக்கு அடியில போட்டுருவேன்."

"எதுக்கு? யாரு பாக்கப் போறாங்கன்னு? வர்ற ஒருத்தியையும் நா உள்ள விடலையே!"

"நீ பாக்குறியே" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு உதடு கோணியது. "கட்டப் பிரிச்ச ஒடனே மூஞ்சியத் திருப்பிக்கிற. தெனமும். முடிஞ்ச ஒடனே வெளிய ஓடுற. அவ்வளவு அருவருப்பா இருக்குன்னா எதுக்கு வர்ற? நா ஒன்னையக் கூப்புட்டேனா? சண்டக்காரி நீயே இப்புடி ஓடுனா ஒங்கண்ணன் எப்புடிப் பாக்கும்? அவரு காலையில வந்து உக்காரும்போது ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கட்டும்னுதான் வச்சேன். பஞ்சு வச்சுப் பாத்தேன், மேல ஏறிப் போவுது. தூளுதான் கனமா நிக்குது."

கையிலிருந்த பையைக் கீழே போட்டேன்.

"அய்யோ அண்ணி! மூச்சுப் படக்கூடாதுன்னாரு டொக்டரையா. மூஞ்சிய திருப்பிக்கன்னாரு. அதுக்குத்தான். மூச்ச அடக்க முடியாம வெளிய ஓடுனேன். அருவருப்பு என்னா அருவருப்பு, நா தெனமும் புள்ளைங்க பீயக் கழுவுறவ!"

அவள் என்னையே பார்த்தாள். "அத வாயத் தொறந்து சொன்னா என்னா?"

"எப்புடிச் சொல்ல? நீங்கதான் என்கூட பேசலையே!"

"நீதான்டி பேசல!"

இரண்டு பேரும் ஒரே நேரம் அழுதோம். அவள் சிரிக்கவும் செய்தாள் என்று நினைக்கிறேன். காய்ச்சலில் என்னவென்று சரியாகத் தெரியவில்லை. கதவுக்கு வெளியே லயம் மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

முதலில் போய்க் கடைசிக் காம்பராக்காரியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவள் இன்னும் விம்மிக்கொண்டுதான் இருந்தாள், அவளைக் குறை சொல்ல முடியாது. பிறகு டொக்டரையாவைக் கூட்டிவந்தேன். அவர் ஓட்டையின் வாயைத் திறந்து சீழை வடியவிட்டார். அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்த இடம் கன்றிப்போனது. "பையை ஆர் வைச்சது?" என்று கேட்டார். "நாங்க ரெண்டு பேரும்தாங்க" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. தினமும் ஒரு பென்சிலின் ஊசி என்று எழுதினார். கொழும்புக்குக் கடிதம் போட்டார். கடிதத்தில் இருந்த தேதியில் போக முடியாது. வேறு தேதி கிடைத்தால் அதற்குள் ஆறியாக வேண்டும், இனியும் தள்ளினால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். வாசலில் வைத்து, அண்ணிக்குக் கேட்காமல்தான் சொன்னார். ஆனால் லயத்துச் சுவருக்குள் என்ன ரகசியம்? உள்ளே அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாளிலிருந்து அவித்த துணியொன்றை மூக்குக்கும் வாய்க்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். முகத்தைத் திருப்பவில்லை. நேரே பார்த்தேன். எனக்கு முதலில் அது கூச்சமாகத்தான் இருந்தது. அவளுக்கு இன்னும் கூச்சம். அதை மறைக்க, இரண்டு வருஷத்துப் பேச்சை மொத்தமாக எடுத்துவிட்டாள். துணிக்குள்ளிருந்து நான் பதில் சொன்னால், "என்னா மாடு அசபோடுற மாதிரி இருக்கு, ஒண்ணும் வெளங்கல" என்பாள்.

பேச்சு வந்துவிட்டது, புண் ஆறுகிற மாதிரி இல்லை. ஒரு நாள் காய்ந்திருக்கும். மறுநாள் துணியில் ஈரம் இருக்கும். தினமும் பிரித்த துணியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பேன், மோந்து பார்ப்பேன். நான் மோந்து பார்க்கிறபோது அண்ணி என் புருவத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். "என்னா?" என்பாள். "ஒண்ணுமில்ல" என்பேன். அந்த 'ஒண்ணுமில்ல'யை எத்தனை விதமாகச் சொல்லலாமோ அத்தனை விதமாகவும் சொல்லியிருக்கிறேன். பிள்ளைக் காம்பராவில் பாலைப் பொங்கவிட்டேன். அண்ணன் மஸ்கெலியாவில் ஒரு கோயிலுக்கு நேர்ந்துகொண்டான். பிரசாதத் திருநீற்றை அவள் நெற்றியில் வைக்க வந்தவனிடம், "நெத்தியோட நிறுத்திக்கங்க, கீழ கொட்டக்கூடாது" என்று சத்தம் போட்டேன். சாமி கோபித்துக்கொண்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தது எனக்கு.

புதிய தேதி வந்தது. முந்தைய தேதிக்கு மூன்று வாரம் தள்ளி. அதற்கு நாலு நாள் இருக்கும்போது துணி முதல்தடவையாகச் சுத்தமாக வந்தது. அடுத்த நாளும் அப்படியே. மேலே ஒரு மெல்லிய தோல்தான் மூடியிருந்தது. அழுத்திப் பார்க்கவும் பயம்.

பஸ்ஸில் ஹட்டன் வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் அவள் பக்கம் யாரும் சாயாதபடி நான் நடுவில் உட்கார்ந்து முழங்கையை ஊன்றிக்கொண்டு போனேன். ரயிலிலும் அப்படித்தான். கொழும்பு ஆஸ்பத்திரியின் நீள வாங்குப் பலகையில் எங்களைப் போலப் பத்திருபது பெண்கள். சிலரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் போன ஒருத்தி வெளியே வந்து, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அண்ணி முந்தானையை வலப் பக்கமாக இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தாள்.

நர்ஸ் சிங்களத்தில் பேர் கூப்பிட்டாள். நான்தான் முதலில் எழுந்தேன். சீழ் வைத்தது, ஊசி போட்டது, என்றைக்குக் காய்ந்தது என்று எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

அண்ணி என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். "நீ இரு. நானே காட்டிக்கிறேன்."

திரைச்சீலை முழுக்கச் சாத்தவில்லை. உள்ளே மேசைக்கு இந்தப் பக்கம் அவள் முதுகு தெரிந்தது. டொக்டர் சின்ன வயசுக்காரர். அவர் கேட்பதற்கு முன்பே அவள் முந்தானையை எடுத்துத் தோளில் போட்டாள், கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள், வலது கையை மேலே தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். அவர் குனிந்து ஓட்டை இருந்த இடத்தை அழுத்தினார். இன்னொரு தடவை அழுத்தினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் வெளியே வந்தபோது கையில் ஒரு மஞ்சள் அட்டை இருந்தது. முந்தானை வலப் பக்கம் தட்டையாகக் கிடந்தது, அவள் அதை இழுத்துவிடவில்லை.

"திங்கக்கெழம ஆரம்பிக்கிறாங்களாம்" என்றாள்.